லைனக்ஸ் டெஸ்க்டாப்பில் இன்டெல் ஏஎக்ஸ்210 வைஃபை கார்டு

மலிவான யுஎஸ்பி வைஃபை டாங்கிள் பலவற்றுக்கு டிரைவரைத் தனியே கம்பைல் செய்ய வேண்டும். கெர்னல் (லைனக்ஸின் மையப் பகுதி) அப்டேட் வந்ததும் அது படுத்துவிடும். ஏஎக்ஸ்210-இல் அந்தத் தொல்லையே இல்லை. இதற்கான டிரைவர் 5.10 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. உபுண்டு 22.04, டெபியன் 12 என்றால் மாட்டியவுடன் ஓடும். டெஸ்க்டாப்புக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

வாங்கும்போது ஏஎக்ஸ்211-ஐத் தள்ளிவையுங்கள். பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் அது சிஎன்விஐ வகை, அதாவது வைஃபை வேலையில் ஒரு பகுதியை இன்டெல் பிராசசர் பக்கமே விட்டுவிடும் வகை. பிசிஐஇ அடாப்டரிலும் (சிறிய வைஃபை கார்டை டெஸ்க்டாப் ஸ்லாட்டில் மாட்ட உதவும் பலகை) ஏஎம்டி போர்டிலும் வேலை செய்யாது. அடாப்டருடன் வரும் 9 பின் கேபிளை மதர்போர்டின் யுஎஸ்பி 2.0 ஹெட்டரில் செருகுங்கள்; செருகாமல் விட்டால் வைஃபை கிடைக்கும், புளூடூத் கிடைக்காது.

கெர்னல் லாகில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றம் தோல்வி, பிழை -2 என்று சில வரிகள் வரலாம். பதற வேண்டாம். டிரைவர் புதிய பதிப்பிலிருந்து தேடத் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகிறது. கடைசியில் ஏதோ ஒரு பதிப்பு ஏறியதாக வரி இருந்தால் போதும். இல்லாவிட்டால்தான் ஃபர்ம்வேர் பேக்கேஜைப் புதுப்பிக்க வேண்டும். விண்டோஸும் இருக்கும் கணினியில் கார்டு திடீரென்று காணாமல் போனால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள்.

சிக்னல் முழுதாக இருந்தும் பிங் நேரம் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஏறி இறங்கினால், மின்சாரம் மிச்சப்படுத்தும் பவர் சேவ்தான் முதல் சந்தேகம். உபுண்டுவின் நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் வைஃபை.பவர்சேவ் 3 (ஆன்) என்று இருக்கும். அதை 2 (ஆஃப்) ஆக்கி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் மிச்சப்படுத்த பேட்டரி ஏது? 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் திணறினால், ஆன்டெனா கேபினெட்டின் பின்னால் யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றின் இரைச்சல் அதே அலைவரிசையில்தான் விழுகிறது. ஒயர் வைத்த, மேசையில் நிற்கும் ஆன்டெனா உள்ள கிட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

ஒரு பெரிய குறை: 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் வைக்க இந்தக் கார்டு பெரும்பாலும் விடாது. எந்த நாடு என்பதைச் சுற்றியுள்ள ரௌட்டர்களை வைத்து ஃபர்ம்வேரே முடிவு செய்கிறது. நாட்டுக் குறியீட்டை நீங்கள் இந்தியா என்று மாற்றினாலும் கேட்காது. ஹாட்ஸ்பாட்தான் தேவை என்றால் மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ள யுஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள். அதன் டிரைவரும் 4.19 முதல் கெர்னலிலேயே இருக்கிறது.