எம்.ஜி. மிட்ஜெட்டுக்குப் பொயின்ற்ஸா, எலெக்ட்ரொனிக் இக்னிஷனா?

மிட்ஜெட் என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் ஏ-சீரிஸ் எஞ்சின் மொறிஸ் மைனர் 1000இன் எஞ்சின் குடும்பம்தான். ஆகவே பொயின்ற்ஸுக்கு (பிளக்கில் பொறி விழ மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனைகள்) கைராசியான மெக்கானிக்மாருக்கு யாழ்ப்பாணத்தில் பஞ்சமில்லை.

பொயின்ற்ஸ் பழுதாக முன்பே சொல்லிவிடும்: ஸ்ரார்ட் சுணங்கும், இழுவை குறையும். டிஸ்ரிபியூட்டரின் (பொயின்ற்ஸ் இருக்கும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பகுதி) மூடியைக் கழற்றினால் ஒரு முனையில் குழி, மறுமுனையில் மேடு தெரியும். மெல்லிய அரத்தால் தேய்த்து, 0.015 அங்குல இடைவெளி வைத்து, டைமிங்கையும் (பொறி விழும் நேரம்) சரிபார்த்தால் ஓடும். முனை கருகியிருந்தால் கொண்டென்சரையும் (முனைகள் கருகாமல் காக்கும் சிறு பாகம்) மாற்றுங்கோ.

எலெக்ட்ரொனிக்கில் முனைகளுக்குப் பதில் சென்சர், அதனால் தேய்மானமில்லை, ஆனால் போனால் சொல்லாமல் போகும், வழியில் திருத்தவும் முடியாது. 1960களின் முற்பகுதி மிட்ஜெட்கள் பொசிற்றிவ் ஏர்த் (பற்றரியின் பிளஸ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும்). அதற்குரிய எலெக்ட்ரொனிக் கிற் இல்லாமல் வேறொன்றைப் பூட்டினால் எரிந்துவிடும்.

எதை வாங்கவும் முதல் டிஸ்ரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தால் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. ஸ்ட்ரோப் (டைமிங் பார்க்கும் மின்னும் விளக்கு) வெளிச்சத்தில் டைமிங் குறி தாவும். பொயின்ற்ஸில் இது இடைவெளியையே குழப்பும். எலெக்ட்ரொனிக் கொஞ்சம் தாங்கும், குணமாக்காது. பலர் இந்தப் புஷ்ஷை விட்டுவிட்டுக் கிற்றில் காசைக் கொட்டுவது மனவருத்தம்.

ஊருக்குள் ஓட எனக்குப் பொயின்ற்ஸ்தான். ஏ9இல் கொழும்புக்கு அடிக்கடி போகிறவர் எலெக்ட்ரொனிக் பூட்டலாம். பழைய பொயின்ற்ஸும் கொண்டென்சரும் டிக்கியில் இருக்கட்டும்.