ஃபால்கோ: பொய் எச்சரிக்கைகளைக் குறைப்பதில் எவ்வளவு உதவுகிறது?

நாளொன்றுக்கு 10 லட்சம் நிகழ்வுகள் பதிவாகும் ஒரு கிளவுட் அமைப்பில், கண்டறிதல் விதி ஒன்று நூற்றுக்கு ஒரு முறை தவறினாலே 10,000 பொய் எச்சரிக்கைகள் வந்து குவியும். 'புலி வருது' கதையில் நடந்ததுபோல, உண்மையிலேயே புலி வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே ஒரு பாதுகாப்புக் கருவி எத்தனை தாக்குதல்களைப் பிடிக்கிறது என்பதோடு, அதன் விதிகளை எவ்வளவு நுட்பமாகத் திருத்த முடிகிறது என்பதையும் நான் பார்ப்பது வழக்கம். லினக்ஸ் கணினிகளிலும் கிளவுட் சேவைகளிலும் சந்தேகத்துக்குரிய செயல்களைக் கண்டு எச்சரிக்கும் ஃபால்கோ என்ற கருவியையும் அப்படித்தான் மதிப்பிடுகிறேன்.

2016-இல் சிஸ்டிக் நிறுவனம் தொடங்கிய இந்தத் திறந்த மூலத் திட்டம், 2018-இல் கிளவுட் சார்ந்த திறந்த மூலத் திட்டங்களைப் பேணும் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் சேர்ந்து, 2024-இல் அதன் முதிர்ந்த திட்டங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. நிரல்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் விடுக்கும் கோரிக்கைகளை, அதாவது சிஸ்டம் கால்களை, கவனிப்பதே இதன் அடிப்படை வேலை. பிளக்இன் எனும் கூடுதல் இணைப்பு வழியாக, அமேசான் கிளவுடில் யார் என்ன செய்தார் என்பதைக் குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் பதிவுகளையும் இதே விதி மொழியில் ஆராயலாம். விதிகள் ஒவ்வொன்றுக்கும் முதிர்ச்சி நிலை குறிக்கப்பட்டிருப்பதும், நிறுவியவுடன் 'ஸ்டேபிள்' நிலை விதிகள் மட்டுமே இயங்குவதும் நல்ல ஏற்பாடு.

ஆயினும் இக்கருவியில் நான் மிகவும் மதிப்பது அதன் விதிவிலக்கு அமைப்பைத்தான். சத்தம் மிகுந்த ஒரு விதியை அடக்க எளிய வழி, அதன் நிபந்தனையின் கடைசியில் 'இந்த நிரல் என்றால் வேண்டாம்' என்று சேர்த்துவிடுவது. காப்புப்பிரதி எடுக்கும் நிரல் கடவுச்சொல் கோப்பைப் படிக்கிறது என்பதற்காக அந்த நிரலின் பெயரை மட்டும் விலக்கினால், தாக்குபவர் தமது நிரலுக்கு அதே பெயரைச் சூட்டிக்கொண்டு தடையின்றி உள்ளே நடமாடலாம். ஃபால்கோவின் விதிவிலக்கிலோ நிரலின் பெயர், அதை இயக்கிய தாய் நிரல், அது ஓடும் கண்டெய்னர் இமேஜ் (நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி), திறக்கப்பட்ட கோப்பு ஆகியவற்றை ஒரே தொகுப்பாகக் கட்டிவிடலாம். அத்தனையும் ஒருசேரப் பொருந்தினால்தான் எச்சரிக்கை அடங்கும், ஒன்று மாறினாலும் மணி அடிக்கும். மூல விதியைத் தொடாமல் தனிக் கோப்பில் இந்த மதிப்புகளைச் சேர்க்க முடிவதால், விதித் தொகுப்பின் புதிய பதிப்பு வரும்போது நமது திருத்தங்கள் அழிந்துபோவதில்லை.

கிளவுட் பதிவுகளிலும் இதே கவனம் தெரிகிறது. பல்காரணி அங்கீகாரம் (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) இல்லாமல் அமேசான் கிளவுடின் நிர்வாகப் பக்கமான கன்சோலுக்குள் நுழைவதைப் பிடிக்கும் விதியை எடுத்துக்கொள்வோம். ஒருங்கிணைந்த உள்நுழைவை, அதாவது ஒரே அடையாளச் சேவை வழியாகப் பல தளங்களுக்குள் நுழையும் முறையை, பயன்படுத்தும் நிறுவனங்களில் அந்த அங்கீகாரம் அடையாளச் சேவையிடமே முடிந்துவிடும். அதன் பிறகு அமேசானின் பதிவில் 'பல்காரணி அங்கீகாரம்: இல்லை' என்றே விழும். இதை அறியாமல் எழுதப்படும் விதி, முறையாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரையும் காலைதோறும் குற்றவாளியாக்கும். ஃபால்கோவின் விதி, இப்படித் தற்காலிகப் பொறுப்பை ஏற்று நுழையும் கணக்குகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறது. பொய் எச்சரிக்கை ஏன் பிறக்கிறது என்பதைப் பதிவின் இயல்பிலிருந்தே புரிந்துகொண்டு எழுதப்பட்ட நிபந்தனை இது.

திருத்தியபின் விதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கவும் வழி உண்டு. முன்பு பதிந்துவைத்த சிஸ்டம் கால் கோப்புகளை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். சந்தேகத்துக்குரிய செயல்களைச் செய்துகாட்டும் தனிக் கருவியையும் இதே திட்டம் தருகிறது. விதிவிலக்கு ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம், பிடிபட வேண்டிய செயல் இன்னமும் பிடிபடுகிறதா என்று ஓட்டிப் பார்ப்பதை எங்கள் குழுவில் கட்டாயமாக்கியிருக்கிறோம், ஏனெனில் எச்சரிக்கைகள் குறைந்துவிட்டதைக் கண்டு மகிழ்வது எளிது, கூடவே குருடாகவும் ஆகிவிட்டோமா என்பதைச் சோதித்தால்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. ஃபால்கோ ஒவ்வொரு நிகழ்வையும் தனித்தனியாகவே எடைபோடுவதால், 'பத்து நிமிடங்களுக்குள் ஐந்து முறை தோல்வியுற்ற உள்நுழைவு' போன்ற விதியை இதில் எழுத இயலாது. பொய் எச்சரிக்கையைக் குறைக்கும் மிக வலுவான வழிகளுள் ஒன்றான அந்தத் தொடர்புபடுத்தலுக்கு வேறொரு பகுப்பாய்வுத் தளத்தைத்தான் நாட வேண்டும். ஒரே நிகழ்வு பல விதிகளுக்குப் பொருந்தினால், இயல்பான அமைப்பில் முதல் விதி மட்டுமே ஒலிக்கும் என்பதையும் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் இதை மாற்றலாம்.

விதிவிலக்குக்குக் காலாவதித் தேதி குறிக்கும் வசதி இல்லாததுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நீக்கப்பட்டுவிட்ட ஒரு சேவைக்காகச் சேர்த்த விலக்கு, யாரும் கவனிக்காத கதவாக ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கக்கூடும். ஒவ்வொரு விலக்கின் மேலும் அதைக் கேட்டவரின் பெயரையும் மறுபரிசீலனைத் தேதியையும் குறிப்பாக எழுதி, தேதி கடந்தவற்றைச் சுட்டும் சிறு நிரல் ஒன்றை நாங்களே ஓட்டி இதைச் சமாளித்து வருகிறோம்.