ஒரு சிக்குக் கோலம், நாலு பழைய கம்ப்யூட்டர்: எங்கள் மேசைக்கு எது தோது?

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையில் நாங்கள் ஏழு பேர் கூடுகிறோம். 1980-களில் டிவியோடு இணைத்துப் பயன்படுத்திய வீட்டுக் கம்ப்யூட்டர்கள்தான் எங்கள் பைத்தியம். பெயர்ப்பலகை இல்லை, தலைவர் இல்லை, உண்டியல் மட்டும் உண்டு. அதில் 28,000 ரூபாய் சேர்ந்த அன்றைக்குத்தான் முதல் சண்டையும் வந்தது.

மூன்று கட்சிகள். கையில் இருக்கும் அசல் பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓட்டுவோம் என்றது ஒன்று. லேப்டாப்பில் எமுலேட்டர், அதாவது பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும் மென்பொருள் போதும், பணத்துக்கு நல்ல புரொஜெக்டர் வாங்கலாம் என்றது இன்னொன்று. மூன்றாவது கட்சி ஒரே ஒருவர்தான், ஆனால் குரல் பெரிசு: எஃப்பிஜிஏ பலகை (உள் மின்சுற்றை வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சில்லு உள்ளது) ஒன்று வாங்கினால் எல்லாப் பழைய கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே வந்துவிடும் என்றார்.

மார்கழி மாதம் என்பதால், எங்களில் இளையவளான கல்லூரி மாணவி ஒரு யோசனை சொன்னாள். "அண்ணா, ஒரே கோலத்தை எல்லாத்துலயும் போட்டுப் பார்ப்போம். எது நல்லா வருதோ அதுக்குக் காசு." வாசலில் புள்ளி வைத்து வளைக்கிற அதே சிக்குக் கோலம், அந்தக் கம்ப்யூட்டர்களில் நிரல் எழுதும் பேசிக் மொழியில். சரி என்றோம்.

முதலில் அசல் பெட்டிகள். சிங்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 1982-இல் வந்தது. இசட்80 சில்லு, 3.5 மெகாஹெர்ட்ஸ், 48 கேபி நினைவகம், ரப்பர் பொத்தான்கள். பார்த்தால் கால்குலேட்டருக்கு அண்ணன் மாதிரி இருக்கும். ஆனால் கோலத்துக்கு இதை விட்டால் ஆள் இல்லை. இதன் பேசிக்கில் 'டிரா' கட்டளைக்கு மூன்றாவதாக ஒரு கோணமும் கொடுக்கலாம். 'டிரா 16,0,பை' (பை என்பது கணக்கில் வரும் π, இங்கே 180 பாகை) என்றால் 16 பிக்சல் தள்ளி இருக்கும் அடுத்த புள்ளிக்கு நேர்கோடாகப் போகாமல் அரைவட்டமாக வளைந்து போகும். கோணத்துக்கு முன் கழித்தல் குறி போட்டால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பும். சிக்குக் கோலத்துக்கு வேறென்ன வேண்டும்? இருபது வரிக்குள் முடிந்துவிட்டது.

கலர் கொடுக்கப் போனபோதுதான் சங்கடம். ஸ்பெக்ட்ரத்தின் திரை 256-க்கு 192 பிக்சல். ஆனால் வண்ணம் மட்டும் 8-க்கு 8 கட்டங்களாக, கட்டத்துக்கு இரண்டு நிறம் என்ற கணக்கு. சிவப்பு வளைவுக்குப் பக்கத்தில் பச்சை வளைவு வந்தால், அந்தக் கட்டத்துக்குள் சிவப்பும் பச்சையாகிவிடும். கலர் பொடி போட்ட வாசலில் நாய் நடந்த மாதிரி. இந்த வண்ண விவரம் முழுக்க நினைவகத்தில் 22528-ஆம் முகவரியில் தொடங்கும் 768 பைட்டுகளில் அடங்கிவிடுகிறது. அவ்வளவு சிக்கனம் செய்தால் வேறெப்படி இருக்கும்? வெள்ளைக் கோலம் மட்டும் போடுவது என்று முடிவு செய்தோம். அம்மாக்கள் பச்சரிசி மாவில் போட்டதும் வெள்ளைதானே.

பிபிசி மைக்ரோ எங்களில் மூத்தவருடையது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். கம்ப்யூட்டரை அரிசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வருவார். 1984-85-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த இயந்திரம் இதுதான். நம் ஊர்க்காரர்களில் பலர் முதன்முதலில் தொட்ட கீபோர்டும் அதனால் இதுவே. 6502 சில்லு 2 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, மொழி வேகமானது, செயல்முறைகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடலாம், பேசிக் நிரலுக்கு நடுவிலேயே, சில்லுக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழியும் எழுதலாம். ஆனால் வளைவு வரைய கட்டளை கிடையாது. சைன், கோசைன் போட்டு நாமே வளைக்க வேண்டும். சார் அதற்கு ஒரு செயல்முறை எழுதி, அதற்கு 'வளை' என்று பெயரும் வைத்துவிட்டார், ஆங்கில எழுத்தில்தான். பார்க்க அழகான நிரல். 32 கேபியில் 20 கேபியைத் திரையே விழுங்கிவிடுவது ஒன்றுதான் குறை. நாலு நிறத்தில் பெரிய கோலம் போட நினைத்தால் நிரலுக்கு இடம் போதாமல் போகும்.

கமடோர் 64? ஒலிக்கு ராஜா. அதன் சிட் சில்லு போடும் பாட்டுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் அதன் பேசிக்கில் கோடு போடக்கூடக் கட்டளை இல்லை. படம் வரையும் திரைக்கு மாறுவதற்கே நினைவகத்தின் 53265-ஆம் முகவரியில் ஒரு 'போக்' (எண்ணை நேரடியாக எழுதும் கட்டளை), 53272-இல் ஒரு 'போக்'. அப்புறம் 8000 பைட்டை பேசிக்கில் ஒவ்வொன்றாகத் துடைக்க ஏறக்குறைய அரை நிமிஷம். வாசல் தெளித்து முடிப்பதற்குள் பால்காரர் வந்துவிடுகிற கதை. கோலப் போட்டியில் இதற்குக் கடைசி இடம். எனக்கு வருத்தம்தான், பெட்டி என்னுடையது.

நாலாவது பெட்டி புதுச்சேரியில்தான் எளிதில் கிடைக்கும்: ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464, பிரெஞ்சு கீபோர்டோடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவரின் வீட்டில், பிரான்சிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்து போட்டது. 1984-இன் கம்ப்யூட்டர். கேசட் பிளேயர் உள்ளேயே, மானிட்டரும் கூடவே. கம்ப்யூட்டருக்கு வேண்டிய 5 வோல்ட்டும் மானிட்டரிலிருந்தே வருகிறது, ஆகவே ஒரே பிளக். 27 நிறங்களிலிருந்து நாலைத் தேர்ந்துகொள்ளலாம், கலர் கட்டத்துக்குக் கட்டம் வழியாது. திரைக்குக் கொடுத்தது போக பேசிக்குக்கு 42 கேபிக்கு மேல் மிச்சம். காகிதத்தில் பார்த்தால் நாலில் இதுவே புத்திசாலித்தனமான வடிவமைப்பு. ஆனால் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'கியூ', 'இசட்' இருக்க வேண்டிய இடத்தில் 'டபிள்யூ'. லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்த ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தோம்.

அடுத்து எமுலேட்டர். ஸ்பெக்ட்ரத்துக்கு ஃபியூஸ், கமடோருக்கு வைஸ், பிபிசிக்கு பிரவுசரிலேயே ஓடும் ஜேஎஸ்பீப். எல்லாம் இலவசம். எமுலேட்டருக்கு வேண்டிய, ஸ்பெக்ட்ரத்துக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் நிரலான ரோம் (ROM) கோப்புக்கும் திருட்டுப் பழி வராது. 1986-இல் சிங்க்ளேரின் கம்ப்யூட்டர் வியாபாரத்தை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், எமுலேட்டரோடு அதைக் கொடுத்துக்கொள்ள அனுமதித்திருக்கிறது. இந்த விவரத்தை யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

கோலம் எமுலேட்டரில் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. லேப்டாப்பில் எழுதி ஒட்டிவிடலாம், தப்பு வந்தால் முந்தைய நிலைக்குப் போகலாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஃபியூஸில் இயந்திரத்தை நடுவில் நிறுத்தி நினைவகத்தைத் திறந்து காட்டலாம். 22528-இல் 16 என்று எழுதினால் திரையின் இடது மேல் மூலைக் கட்டம் சிவப்பாவதைச் சுவரில் பெரிதாகப் பார்த்தபோதுதான், கலர் ஏன் வழிகிறது என்பது மாணவிக்குப் புரிந்தது. அசல் பெட்டியை வைத்துக்கொண்டு நான் அரை மணி நேரம் விளக்கியும் புரியாதது அது. கற்றுக்கொடுக்க எமுலேட்டரை மிஞ்ச ஆளில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கூட்டத்துக்கு அது மட்டும் போதுமா? ஒரு மாதம் முழுக்க எமுலேட்டர் மட்டும் வைத்து நடத்திப் பார்த்தோம். ஏழு பேரும் ஏழு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம், ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் மாதிரி. முத்தியால்பேட்டையிலிருந்து அம்மாவோடு வந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது போன்லயே வருமே" என்று கிளம்பிவிட்டான். அவனைக் குறை சொல்லவே முடியாது.

எஃப்பிஜிஏ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை; அதுவே அதன் வெற்றியும் சிக்கலும். மிஸ்டர் என்று ஒரு திட்டம். டிஇ10-நானோ என்ற பலகையின் மேல் ஓடுகிறது. எமுலேட்டர் மென்பொருளால் பாசாங்கு செய்கிறது. இது சில்லுக்குள் பழைய மின்சுற்றையே மறுபடி அமைத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் தாமதமின்றி எதிர்வினை, புது டிவியில் பளிச்சென்ற படம். எங்கள் நாலு இயந்திரங்களும் அதற்குள் இருந்தன, கோலமும் அப்படியே வந்தது. படத்துக்கும் துல்லியத்துக்கும் மட்டும் மார்க் என்றால் இதற்கே முதலிடம். ஆனால் திறந்து பார்க்க ஒரு கறுப்புச் சில்லு. மாற்றி எழுத வேண்டுமென்றால் மின்சுற்றை எழுதும் மொழியான வெரிலாக் தெரிய வேண்டும், அது தெரிந்தவர் அந்த ஒருவரே. சுங்கவரியோடு கணக்குப் போட்டால் உண்டியல் துடைத்த மாதிரி ஆகிவிடும். பெங்களூரில் ஒற்றை அறையில் தனியாக இருந்தால் நான் இதைத்தான் வாங்குவேன். ஏழு பேர் சுற்றி உட்காரும் மேசைக்கு வேண்டாம்.

அசல் பெட்டிக் கட்சியின் உண்மையான எதிரி எமுலேட்டரும் அல்ல, எஃப்பிஜிஏவும் அல்ல. கடல். கடற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறோம். உப்புக் காற்று ஸ்பெக்ட்ரத்தின் பின்பக்க இணைப்பு விளிம்பு வரை வந்துவிடுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, என் வீட்டுத் தரைத்தளத்தில் இருந்த கேசட் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. துடைத்து உலர்த்தியும் நாடாவில் பூஞ்சை. அப்புறம்தான் போனுக்கு மாறினோம். ஸ்பெக்ட்ரத்தின் கேசட்டில் இருப்பது வெறும் சத்தம்தானே. அந்தச் சத்தத்தை ஒலிக்கோப்பாகப் போனில் வைத்து, இயர்போன் துளையிலிருந்து கம்பி இழுத்து, ஒலியளவை ஏறக்குறைய முழுக்க வைத்தால் நிரல் ஏறிவிடும். 48 கேபி நிறைய ஏற நாலரை நிமிஷம். இயர்போன் துளை உள்ள பழைய போனுக்கு எங்கள் குழுவில் தனி மரியாதை.

மின்சாரம் இன்னொரு தலைவலி. அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் மின்வழங்கியின் வாசலிலேயே காகிதக் கண்டென்சர் இருக்கும். நாற்பது ஆண்டில் அதன் பிளாஸ்டிக் உறை விரிசல் விடும், விரிசல் வழியாக ஈரம் ஏறும், அப்புறம் ஒரு நாள் பட்டென்று வெடித்துப் புகை கக்கும். எங்கள் மேசையிலும் ஒருமுறை நடந்தது. அறை முழுக்க நாற்றம், எல்லோரும் மாடிப்படியை நோக்கி ஓடினோம். சார் மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "கண்டென்சர்தான்பா, உட்காருங்க" என்றார். அன்றைக்கு மதியமே அதைக் கழற்றிப் புதிது வைத்துச் சால்டர் செய்தோம். நிரல் எழுத மட்டும் தெரிந்த மாணவி அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சால்டரிங் அயர்னைப் பிடித்தாள். அடுத்த மாதம் தோழி ஒருத்தியையும் கூட்டிவந்தாள்.

கமடோரின் பழைய அடாப்டரும் அப்படித்தான்: வயதானால் 5 வோல்ட்டுக்கு மேல் அனுப்பி நினைவகச் சில்லுகளைச் சுட்டுவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகக் கூடாது. ஸ்பெக்ட்ரத்தில் கீபோர்டின் அடியில் உள்ள மெல்லிய தாள் காய்ந்து ஒடிந்துவிடும். ஆம்ஸ்ட்ராட்டில் கேசட் பெல்ட் தளர்ந்துபோகும். நாலுக்கும் நாலு விதமான வைத்தியம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒன்று படுத்துவிடுகிறது, அதை எழுப்ப எல்லோருக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. எங்கள் கூட்டம் இத்தனை நாள் கலையாமல் இருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் வாக்கு இப்படிப் போனது: பழுதுபார்க்க அசல், பாடம் நடத்த எமுலேட்டர், எஃப்பிஜிஏ அவரவர் வீட்டுக்கு. அசலிலும் முதல்முறை வருபவர் முன்னால் வைக்க வேண்டியது ஸ்பெக்ட்ரம். ஒரு பொத்தானுக்கு ஒரு கட்டளை, 'டபிள்யூ'வை அழுத்தினால் 'டிரா' முழுசாக வந்து நிற்கும். நிரல் எழுத ஆசைப்படுபவருக்குப் பிபிசி. கமடோரில் பாட்டுப் போடலாம். ஆம்ஸ்ட்ராட்டைப் பெல்ட் மாற்றியதும் அந்த லிசே நண்பரிடமே ஒப்படைத்துவிடலாம்.

பெரும்பாலானோர் ஒத்துக்கொண்டார்கள். எஃப்பிஜிஏ நண்பர் இரண்டு வாரம் பேசவில்லை, மூன்றாவது வாரம் முறுக்கோடு வந்தார். உண்டியலிலிருந்து கண்டென்சர்கள், ஸ்பெக்ட்ரத்துக்குக் கீபோர்டுத் தாள் இரண்டு, பெல்ட், கமடோருக்குப் புது அடாப்டர், ஸ்டெபிலைசர் ஒன்று, காற்றுப் புகாத பெட்டிகளும் அதற்குள் போட சிலிக்கா ஜெல்லும் வாங்கினோம். 11,000 மிச்சம் இருக்கிறது. புரொஜெக்டரை இரவல் வாங்கிச் சமாளிக்கிறோம்.

மாணவியின் பெரிய கோலம் மட்டும் இன்னும் முடியவில்லை. ஒன்பது புள்ளிக் கோலம். கடைசி வளைவு உள்ளே திரும்பாமல் வெளியே ஓடிப்போய் நிற்கிறது. வரி 140-இல் பைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது என்கிறார் சார். அவளோ, "புள்ளியே தப்பா வச்சிட்டேன் சார்" என்கிறாள். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு பார்க்கலாம்.