பிரித்தானிய தியரி பரீட்சைக்கான தயாரிப்பு: பத்து மாத அனுபவம்

யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஆண்டுகள் கார் ஓட்டியவள் நான். பிரித்தானியாவில் குடியேறியவர் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதங்கள் மட்டுமே ஓட்டலாம். அதன் பின் பிரவிஷனல் எனப்படும் பழகுநர் அனுமதிப்பத்திரத்தை எடுத்து, வீதி விதிகள் பற்றிய அறிவைச் சோதிக்கும் தியரியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். அந்தக் காலத்தை வேலைக்கும் வீட்டுக்குமாகக் கடத்திவிட்டு, வீதி விதிகளைக் கூறும் ஹைவே கோட் புத்தகம், சாரதிப் பரீட்சைகளை நடத்தும் அரச அமைப்பான டிவிஎஸ்ஏயின் அதிகாரபூர்வச் செயலி, யாரோ பரிந்துரைத்த ஓர் இலவசச் செயலி ஆகிய மூன்றையும் வைத்துப் பத்து மாதங்கள் படித்து, இரண்டாவது முயற்சியில் சித்தியடைந்தேன்.

பரீட்சை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவதில் 57 நிமிடங்களில் 50 வினாக்கள். 43 சரியாக இருக்க வேண்டும். இரண்டாவதில் 14 காணொளிகளைப் பார்த்து, ஆபத்து உருவாகும் கணத்தில் மவுஸை அழுத்த வேண்டும். 75க்கு 44 புள்ளிகள் தேவை. ஒன்றில் தவறினாலும் 23 பவுண் மறுபடி கட்டி, இரண்டையும் மீண்டும் எழுத வேண்டியதுதான்.

தமிழில் கேட்டு எழுதலாம் என்று உறவுக்கார அக்கா ஒருவர் உறுதியாகச் சொன்னார். அவர் எழுதிய காலத்தில் அது உண்மை. வினாக்களை ஒலிவடிவில் கேட்கக்கூடிய பத்தொன்பது மொழிகளில் தமிழும் ஒன்றாக இருந்தது. 2014 ஏப்ரலில் அந்த வசதி நிறுத்தப்பட்டு, இப்போது ஆங்கிலமும் வெல்ஷ் மொழியும் மட்டுமே உள்ளன. ஆகவே ஒரு கொப்பியில் ஆங்கிலச் சொல்லை ஒரு பக்கமும், அந்த இடத்தில் சாரதி என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் மறுபக்கமும் எழுதத் தொடங்கினேன். என்னைத் தடுமாறச் செய்தவை ஹார்ட் ஷோல்டர் (நெடுஞ்சாலை ஓரத்து அவசரத் தடம்), கொன்ட்ராஃப்ளோ (எதிர்த்திசைக்கான பக்கத்தில் வாகனங்களைத் திருப்பிவிடும் ஏற்பாடு) போன்ற புதிய சொற்கள் அல்ல, மஸ்ட், ஷுட் என்ற இரண்டு சாதாரணச் சொற்களே. ஹைவே கோட்டில் பெரிய எழுத்தில் மஸ்ட் என்றிருந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். ஷுட் என்றிருந்தால் அது அறிவுரை. தமிழில் இரண்டையும் நான் 'வேண்டும்' என்றே எழுதியிருந்ததால், கொப்பி முழுவதையும் திரும்பப் புரட்டி, ஒவ்வொரு 'வேண்டும்' பக்கத்திலும் சிவப்பில் 'சட்டம்' என்றும் நீலத்தில் 'அறிவுரை' என்றும் குறித்தேன். அந்த ஒரு வாரத்தில் விளங்கிய அளவுக்கு அதற்கு முன் இரண்டு மாதங்களில் எனக்கு விளங்கவில்லை.

இலவசச் செயலியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2022 ஜனவரியில் விதிகள் மாறின. நீங்கள் திரும்பப்போகும் வீதியைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் இப்போது வழிவிட வேண்டும். அந்தச் செயலியோ கடக்கத் தொடங்கியவருக்கு மட்டும் வழிவிட்டால் போதும் என்ற பழைய விதியையே கற்பித்தது, நானும் அதை மனப்பாடம் செய்திருந்தேன். ஹைவே கோட்டை அரச இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம் என்பதால், எந்தச் செயலியையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஆபத்தைக் கண்டதிலிருந்து கார் நிற்கும் வரை ஓடும் நிறுத்தத் தூரங்களைப் பாடமாக்குவதில் பலர் சிரமப்படுகிறார்கள். மணிக்கு 30 மைலில் 23 மீற்றர், 70 மைலில் 96 மீற்றர் என்ற எண்கள் எனக்கும் மனதில் நிற்கவில்லை. ஒரு காரின் நீளத்தை 4 மீற்றராகக் கொண்டால் 23 மீற்றர் ஏறக்குறைய ஆறு கார்கள் என்று புத்தகத்தில் பார்த்ததும், எங்கள் தெருவில் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களை எண்ணிக்கொண்டு நடந்தேன். ஆறாவது கார் எதிர்வீட்டுக்காரரின் வாசலையும் தாண்டி நின்றது. மழையில் அது இரட்டிப்பாகும் என்றால் அடுத்த சந்தியே வந்துவிடும்.

முதல் முயற்சியில் வினாக்களில் 46 எடுத்தும் காணொளியில் 41 எடுத்துத் தவறினேன். ஓட்டிப் பழகியவர்களுக்கு நேரும் தவறுதான் அது. நிறுத்திய காரின் அருகே ஒரு சிறுவனைக் கண்டதும் நான் அழுத்திவிடுவேன். ஆனால் அவன் வீதியை நோக்கி அடியெடுத்து வைக்கும்போதுதான் புள்ளிக்குரிய நேரம் தொடங்குகிறது. அதற்கு முன் அழுத்தினால் திரையின் கீழே சிவப்புக் கொடி தோன்றுமே தவிர, புள்ளி கிடைக்காது. பயந்து தொடர்ச்சியாக அழுத்தினாலோ அந்தக் காணொளிக்கே பூச்சியம். இதற்குச் செயலியை விட உதவியது மாடி பஸ்தான். வேலைக்குப் போகும்போது மேல்தட்டின் முன் ஆசனத்தில் அமர்ந்து, ஆபத்து வரக்கூடும் என்று தோன்றும்போது ஒரு முறையும், பஸ் உண்மையில் வேகத்தைக் குறைக்க வேண்டியதாகும்போது இன்னொரு முறையும் பெருவிரலால் முழங்காலில் தட்டுவேன். ஆறு வாரங்களின் பின் பரீட்சையிலும் அப்படியே இரண்டு முறை அழுத்தி, 58 எடுத்தேன்.

தியரிச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும்; அதற்குள் ஓட்டப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் தியரியையும் திரும்ப எழுத வேண்டும். எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. அண்மையில் கார்டிஃபுக்குப் படிக்க வந்த தங்கச்சி கொப்பியைக் கேட்டாள். வேல்ஸில் 2023 செப்டெம்பர் முதல், தெருவிளக்குள்ள குடியிருப்பு வீதிகளில் வேறு பலகை இல்லாவிட்டால் வேக எல்லை மணிக்கு 20 மைல். நான் எழுதிவைத்திருந்த 30க்குப் பக்கத்தில் அதையும் சேர்த்து, சிவப்பில் 'சட்டம்' என்று குறித்து அனுப்பினேன்.