இருமடியமா, நான்மடியமா?

சிங்கப்பூர் வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் ஒரே தொட்டி உருளைக்கிழங்குச் செடி. அதிலிருந்தே விதை எடுக்க ஆசையா? குரோமோசோம் தொகுதி இரண்டு இருந்தால் இருமடியம், நான்கு இருந்தால் நான்மடியம்.

துணைச்செடி தேவையா: இருமடிய உருளைச் செடி (24 குரோமோசோம்) பெரும்பாலும் சொந்த மகரந்தத்தை ஏற்காது, பக்கத்தில் இன்னொன்று வேண்டும். தேக்கா சந்தையில் வாங்கும் கிழங்கு பொதுவாக நான்மடியம், 48. அதன் மகரந்தத்தூளில் அடையாள மரபணு (சொந்த மகரந்தமா என்று பூ கண்டுகொள்ள உதவுவது) இரண்டு இருக்கும். அவை வேறுவேறானால் சூல்தண்டில் (மகரந்தம் சூலுக்கு இறங்கும் வழி) உள்ள தடுப்பு குழம்பி வழிவிட்டுவிடும். பெட்டூனியாவிலும் இதே கதைதான். முட்டைக்கோஸ் குடும்பத்தில் தடுப்பு வேறு வகை, நான்மடியமானாலும் நீடிக்கலாம்.

குறைபாடு: தன் மகரந்தச் சேர்க்கையில், மறைந்திருந்த குறை இருமடியத்தில் 4 விதைக்கு ஒன்றில் தலைகாட்டும். நான்மடியத்தில் அந்த மரபணுவின் நல்ல நகல் இரண்டு, கெட்டது இரண்டு என்றால் 36-க்கு ஒன்றுதான்.

சரி, ஒற்றைத் தொட்டிக்கு நான்மடியம். புது ரகம் உருவாக்கும் பொறுமைசாலிக்கு இருமடியம்: குறைகள் சீக்கிரம் வெளிவந்து கழியும். நம் இரவுச் சூட்டில் கிழங்கு சரியாக விழாது, அது வேறு சங்கதி.