விக்கித்தரவில் என் பதிவு: சில ஆண்டுகள் கவனித்து வந்ததில்

விக்கித்தரவில் என்னைப் பற்றி ஒரு பதிவு இருக்கிறது. அதை நான் தொடங்கவில்லை. வெளிநாட்டு நூலகமொன்றின் பட்டியலிலிருந்து ஆசிரியர் பெயர்களை யாரோ மொத்தமாக ஏற்றியபோது, என் கவிதைத் தொகுப்போடு நானும் உள்ளே போய்விட்டேன். அன்றிலிருந்து அதைக் கவனித்து வருகிறேன். திருகோணமலையில் எழுதுகிற நண்பர்கள் சிலர், இதற்கெல்லாம் நேரம் செலவழிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் பதில்.

தெரியாதவர்களுக்காக: விக்கித்தரவு 2012 ஒக்டோபரில் தொடங்கியது. விக்கிப்பீடியாவை நடத்தும் அதே விக்கிமீடியா நிறுவனத்தினுடையது. இங்கே கட்டுரை கிடையாது, தரவுதான். ஆளுக்கொரு கியூ எண், அதாவது கியூ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் அடையாள எண். அதன் கீழே பிறந்த இடம், தொழில், எழுதும் மொழி என்று ஒவ்வொரு கூற்றும் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே சான்று சேர்க்க இடமுண்டு. எல்லாம் சிசி0 உரிமத்தில் இருப்பதால் யாரும் எதற்கும் எடுத்துப் பயன்படுத்தலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை. தேடுபொறிகளும் நூலகப் பட்டியல்களும் இங்கிருந்து எடுக்கின்றன. ஒரு பிழை இங்கே நுழைந்தால் அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று பிடிக்க முடியாது. இங்கே திருத்திய பிறகும் பழைய பிரதிகள் வெளியே உலாவிக்கொண்டுதான் இருக்கும்.

என் பதிவில் அதிகம் உழைக்க வைத்தது பெயர்தான். நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்பது தகப்பனின் பெயர். அந்த நூலகப் பட்டியல் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்திருந்தது. ஆகவே குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயரும், இடுபெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரும் இருந்தன. இதைச் சரிசெய்ய வழியுண்டு. குடும்பப் பெயர்க் கூற்றை நீக்கிவிட்டு, தந்தைவழிப் பெயருக்கென்றே இருக்கும் பி5056 பண்பில் அப்பாவின் பெயரை இட வேண்டும். (பண்பு என்பது இன்ன வகைத் தகவல் என்று காட்டும் தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பி எண் உண்டு.) முதலெழுத்தோடு, முதலெழுத்து இல்லாமல், ஆங்கிலத்தில் எச் என்ற எழுத்தைச் சேர்த்து, சேர்க்காமல் என்று புத்தக அட்டைகளில் வந்த வடிவங்கள் அத்தனையையும் மாற்றுப் பெயர்களாகக் கொடுத்தேன். அதன் பிறகுதான் சிதறிக் கிடந்த என் நூல்கள் ஓராளின் கீழ் வந்தன. புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு பி742 இருக்கிறது. நம்மவர்களில் எத்தனை பேர் இரண்டு மூன்று பெயர்களில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்! அவர்களுக்காகவே செய்து வைத்தது போன்ற பண்பு அது.

அடுத்தது, பெயர் ஒற்றுமை. என் பெயரிலேயே தமிழ்நாட்டில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். ஒருமுறை அவருடைய அடையாள எண் ஒன்று என் பதிவில் ஒட்டிக்கொண்டது. தொடர்ந்து அவருடைய ஆய்வுக் கட்டுரைகளும் என் கணக்கில் வரத் தொடங்கின. அந்த எண்ணை எடுத்துவிட்டு, இரண்டு பதிவுகளிலும் ‘இதிலிருந்து வேறானது’ என்று சொல்லும் பி1889 கூற்றைச் சேர்த்தேன். விளக்க வரியில் ‘இலங்கைக் கவிஞர்’ என்று போட்டேன். அத்தோடு நின்றது. வெறுமனே நீக்கியிருந்தால் அடுத்த மொத்த ஏற்றத்தில் அதே எண் திரும்ப வந்திருக்கும் என்பதால், இந்தக் கூற்றைச் சேர்ப்பதுதான் முக்கியம்.

பிறந்த திகதி விடயத்தில் நான் கண்டிப்பானவன். ஆண்டு மட்டும் போதும். நமது தேசிய அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள்: பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் ஏழும் இதேதான். முழுத் திகதியைப் பொதுவெளியில் வைப்பது அடையாள அட்டை எண்ணில் பாதியைக் கொடுப்பதற்குச் சமம். விக்கித்தரவு ஆண்டை மட்டும் இட அனுமதிக்கிறது. உயிரோடிருப்பவர்களின் அந்தரங்கம் பற்றித் தனிக் கொள்கையே அங்கே இருக்கிறது. யாரோ என் முழுத் திகதியைச் சான்றில்லாமல் சேர்த்தபோது அந்தக் கொள்கையைச் சுட்டி உரையாடல் பக்கத்தில் எழுதினேன், மறுப்பில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இதைவிட மனதைத் தைத்த விடயம் ஒன்றுண்டு. பெயரைப் பார்த்தே ஒருவர் என் பதிவில் சமயத்தையும் இனத்தையும் சேர்த்துவிட்டார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருவில் வாழ்கிற இந்த ஊரில் அது சின்ன விடயமல்ல. இங்கே எத்தனையோ பேர் தங்கள் பெயரைச் சொல்லவே அஞ்சிய காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். இனக்குழு என்ற பண்புக்கு மிக உயர்ந்த தரத்தில் சான்று வேண்டும் என்று அந்தப் பண்பின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது: ஒன்றில் அந்த நபரே சொல்லியிருக்க வேண்டும், அல்லது அறிஞர்களிடையே பரவலான உடன்பாடு இருக்க வேண்டும். பெயர் சான்றாகாது. உங்கள் பதிவில் இப்படி ஏதும் இருந்தால் தயங்காமல் கேள்வி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மற்றபடி பதிவு உங்கள் சொத்து என்று எண்ண வேண்டாம். விக்கிப்பீடியாவில் தன்னைப் பற்றிய கட்டுரையைத் தானே எழுதுவதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். விக்கித்தரவில் அவ்வளவு இறுக்கமில்லை. ஆனாலும் நான் யார் என்பதைப் பயனர் பக்கத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறேன். சான்று காட்ட முடியாத எதையும் சேர்ப்பதில்லை. உள்ளூர்ப் பரிசு ஒன்றைப் பற்றி அச்சில் எதுவும் கிடைக்கவில்லை. பரிசு என் அலுமாரியில் இருக்கிறது, பதிவில் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

படம் சேர்க்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்த படம் என்றாலும் பொதுவில் விக்கிமீடியா அங்கே பார்ப்பது எடுத்தவரின் உரிமையைத்தான். கட்டற்ற உரிமத்தில் வெளியிட எடுத்தவரின் சம்மதம் வேண்டும். உவர்மலையில் நண்பர் ஒருவர் எடுத்துத் தன் கணக்கிலிருந்தே விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றினார், சிக்கலே வரவில்லை.

கைத்தொலைபேசியில் தொகுப்பது சிரமம், கணினியில் செய்யுங்கள். பதிவை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்து, மாற்றம் நடந்தால் மின்னஞ்சல் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். வரலாற்றுப் பக்கத்தில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது முழுதும் இருக்கும். தமிழ் இடைமுகம் உண்டு, சில இடங்களில் இன்னும் ஆங்கிலம்தான் வருகிறது. கூடவே சிங்களத்திலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். நம் நாட்டில் தேடுகிறவர்கள் அந்த மொழியிலும் தேடுவார்கள்.

இப்போது என் கையில் இருக்கும் வேலை, 955 என்ற இலங்கைக் குறியீட்டோடு வரும் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண் இல்லாமல் அச்சான என் முதல் தொகுப்பு. எண் இல்லாத புத்தகத்துக்குப் பட்டியல்களில் இடம் கிடைப்பது கடினம். இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ தளத்தில் அதன் மின்வருடல் ஏறினால் அந்தப் பக்கத்தையே சான்றாகக் காட்டலாம். அதற்காக ஒரு நல்ல பிரதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.