கதைப்பாடல் எழுதக் கற்றுத்தரும் காணொளி வகுப்பு: பலமும் குறையும்

ஆங்கிலத்தில் பேலட் எனப்படும் கதைப்பாடலுக்கான வகுப்பு இது. வடிவப் பாடம் தெளிவு: கண்ணிக்கு (பாடலின் ஒரு பத்திக்கு) 4 வரி; 1, 3ஆம் வரிகளில் 4 அழுத்தம் (அழுத்தி ஒலிக்கும் அசை), 2, 4ஆம் வரிகளில் 3; இயைபு (வரி முடிவில் ஒலி ஒத்துவருவது) 2, 4ஆம் வரிகளுக்கு மட்டும். தமிழில் எழுதுவோர் அழுத்தத்துக்குப் பதில் 4 சீர், 3 சீர் என வைத்துக்கொள்ளலாம். ஓசை நன்றாகவே நிற்கும்.

மீள்வரிப் பாடத்துக்காகவே வகுப்பில் சேரலாம். வரி திரும்பத் திரும்ப வரும், ஒன்றிரண்டு சொல் மாறும், அந்த மாற்றத்தில் கதை நகரும். ‘அண்ணன் வருவான் விடியுமுன்னே’, ‘அண்ணன் வருவான் இருட்டுமுன்னே’, ‘அண்ணன் வந்தான் நாலுபேர் தோளிலே’. சாவைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை! மாறாமல் திரும்பும் வரி மூன்றாம் முறை வெறும் நிரப்பலாகிவிடும் என்பதையும் காட்டியிருக்கிறார்கள்.

கதையமைப்புப் பாடத்தில்தான் சறுக்கல். நாயகனின் ஊர், குடும்பம், குணம் என 5 கண்ணிகளில் முன்கதை எழுதச் சொல்கிறார்கள். பழைய கதைப்பாடல்கள் பெரும்பாலும் நெருக்கடிக்கு வெகு அருகில் தொடங்கி, உரையாடலில் ஓடுபவை. எழுதிய முதல் 4 கண்ணிகளை அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். கதை புரிந்தால் அவை தேவையில்லை.

இயைபுக்காகச் சொல்வரிசையை முறுக்குவதைப் பயிற்சித் திருத்தத்தில் கண்டுகொள்வதில்லை. அதற்கு வாய்விட்டுப் பாடுவதே வழி. நாக்கு தடுக்கும் இடத்தில் இயைபுச் சொல்லை மாற்றுங்கள், வாக்கியத்தை அல்ல.